சொந்த உழவு மெசினை லொறியில் ஏற்றிச் செல்ல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்போகத்துக்கு உழவு தொடங்கும் புரட்டாதி, ஐப்பசியிலும், வெட்டு நடக்கும் மாசி, பங்குனியிலும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மெசின்கள் ஊர் விட்டு ஊர் போகின்றன. சம்மாந்துறை மெசின் வெல்லாவெளியில் உழும். செங்கலடி மெசின் பொலன்னறுவைக்குப் போகும். கமக்காரர் அமைப்புக் கூட்டங்களிலும் கமநல சேவை நிலைய வாசலிலும் அந்த நாட்களில் கேட்கப்படும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சொந்த மெசினைச் சொந்த லொறியிலோ உறவினர் லொறியிலோ ஏற்றுபவர்களுக்கானது இது. ஏற்றிப் பறிப்பதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு வேறு விடயங்களும் உண்டு.

என்ட மெசின், என்ட லொறி. ஏத்திக்கொண்டு போகத் தனியா பெர்மிட் எடுக்க வேணுமா?

வேண்டியதில்லை. லொறித் தட்டுக்குள் அடங்கி, லொறிக்கு அனுமதிக்கப்பட்ட எடைக்குள்ளும் இருக்கும் சாதாரண உழவு மெசினைக் கொண்டு போகத் தனி அனுமதிப்பத்திரம் கிடையாது. இந்தச் சந்தேகம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, பயணிகள் பஸ்ஸுக்குப் பாதை அனுமதி வேண்டும் என்பது. மற்றது, மணல் ஏற்றினால் பெர்மிட் கேட்பார்கள் என்பது. இரண்டும் வேறு சட்டங்கள், மெசின் ஏற்றும் லொறிக்கு அவை பொருந்தாது.

ஆனால் பெர்மிட் வேண்டாம் என்றால் பத்திரமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். லொறித் தட்டில் நிற்கும் வரை மெசின் ஒரு சுமை. அதன் ரயர் வீதியில் பட்ட நிமிடத்திலிருந்து அது ஒரு வாகனம். சுமையாக இருக்கும்போது லொறியின் பத்திரங்களும் எடையும் கேட்கப்படும். வாகனமாகும்போது மெசினுக்குரிய எல்லாமும் கேட்கப்படும்.

கார் லைசன் இரிக்கு. அது போதாதா?

பெரும்பாலான லொறிகளுக்குப் போதாது. ‘பி’ வகை மொத்த எடை 3,500 கிலோ வரையான வாகனத்துக்குத்தான். 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை ‘சி1’ வேண்டும். அதற்கும் மேலென்றால் ‘சி’. முன்தலை தனியாகவும் பின்தட்டு தனியாகவும் உள்ள லோபெட் போன்றவற்றுக்கு ‘சிஇ’. நம்மிடம் ஓடும் கண்டர் லொறிகளில் அநேகமானவை ‘சி1’க்குள் வரும். பார்வைக்குச் சின்ன லொறி என்பதால் கார் லைசனோடு ஓட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சட்டப்படி லைசன் இல்லாமல் ஓட்டுபவர்கள்தான்.

உங்கள் அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். ஓட்ட அனுமதியுள்ள ஒவ்வொரு வகைக்கு நேரேயும் திகதி இருக்கும். திகதி இல்லாத வகை உங்களுக்கு இல்லை. பாரவாகன வகைகளுக்குக் காலம் நான்கு வருடம், சாதாரண வாகனத்துக்கு எட்டு வருடம். ஒரே அட்டையில் கார் வகை செல்லுபடியாக இருக்க லொறி வகை முடிந்திருக்கக்கூடும். போகம் தொடங்கிய பிறகு மருத்துவச் சான்றிதழுக்கு ஓடினால் உழவு நாட்கள் கைநழுவிவிடும். இந்த ஒன்றை மட்டும் ஆவணி மாதமே பார்த்து வையுங்கள்.

மொத்த எடை எண்டா ஏத்தின பிறகு வாற எடையா? வெறும் லொறியோட எனக்கு கார் லைசன் காணும்தானே?

இல்லை. லைசன் வகையைத் தீர்மானிப்பது அன்றைக்கு நீங்கள் ஏற்றிய எடை அல்ல, பதிவுப் புத்தகத்தில் அந்த லொறிக்கு எழுதப்பட்டிருக்கும் உச்ச மொத்த எடை. அது 3,500ஐத் தாண்டினால் வெறுந்தட்டோடு கடைக்குப் போனாலும் ‘சி1’தான்.

புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று லொறியின் வெற்று எடை, மற்றது மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் ஏற்றக்கூடியது. வெற்று எடை 3,000, மொத்த எடை 6,000 என்று இருந்தால் சாரதியும் கூட வருபவரும் உட்பட 3,000 கிலோதான் கணக்கு. லொறியை விற்றவர் சொன்ன கதையையும் பழைய சொந்தக்காரர் ஏற்றின அளவையும் விட்டுவிட்டு, புத்தகத்தில் உள்ளதை மட்டும் நம்புங்கள்.

மெசின்ட எடை எவ்வளவு எண்டு எப்படித் தெரியும்?

45 குதிரைவலு அளவுள்ள நாலுசில்லு மெசின் ஒன்று வெறுமையாகவே 2,000 கிலோவை ஒட்டி நிற்கும். பின்னால் பூட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் அளவைப் பொறுத்து 350, 400 கிலோ சேர்க்கும். பலர் மறப்பது ரயருக்குள் இருக்கும் தண்ணீரை. வழுக்காமல் இருக்கப் பின் ரயர்களில் தண்ணீர் நிரப்பியிருந்தால் சாதாரண அளவு ரயர் ஒன்றிலேயே 150 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டிலுமாக 300ஐத் தாண்டும். சில்லில் ஒட்டியிருக்கும் வட்டை (வயல்வெளி) சேறும் சும்மா இல்லை. கழுவி ஏற்றினால் எடையும் குறையும், வீதியில் சேறு கொட்டிப் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் வழுக்கி விழுவதும் இராது.

மேலே சொன்ன 3,000 கிலோ லொறியில் மெசின், ரொட்டவேட்டர், ரயர்த் தண்ணீர், இரண்டு ஆட்கள் என்று சேர்த்தால் இடம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் டீசல் கலனும் விதைநெல் மூடையும் ஏற்றினால் எல்லை தாண்டும். சந்தேகமென்றால் பெரிய அரிசி ஆலைகளில் லொறித் தராசு இருக்கிறது. ஒரு தடவை நிறுத்து அந்தத் துண்டை லொறியிலேயே வைத்திருங்கள்.

லாண்ட்மாஸ்டரை பட்டாவுல ஏத்தலாமா?

ஏற்றலாம், கட்டு ஒழுங்காக இருந்தால். இருசில்லு மெசினின் எடை பட்டா என்ற சின்ன லொறி தாங்கும் எடைக்குள் வரும். பட்டாவுக்கு ‘பி’ லைசன் போதும். மெசினுக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் பெட்டியையும் சேர்த்துத் திணிப்பதுதான் பிழை. நாலுசில்லு மெசினைப் பட்டாவில் ஏற்றும் எண்ணமே வேண்டாம்.

ஏத்தாம ஓட்டிக்கொண்டே போனா என்ன? செலவு மிச்சம்தானே.

பக்கத்து வட்டைக்கு ஓட்டித்தான் போக வேண்டும், அதில் கேள்வியே இல்லை. ஓட்டுபவருக்கு நாலுசில்லுக்கு ‘ஜி’, லாண்ட்மாஸ்டருக்கு ‘ஜி1’ வகை இருக்க வேண்டும். மெசினுக்கு வருமான அனுமதிப்பத்திரமும் (வரி லைசன்) காப்புறுதியும் வேண்டும். பெட்டி கொளுவியிருந்தால், அதற்குத் தனிப் பதிவு இலக்கம் இருப்பதால் அதன் பத்திரங்களும் வேண்டும். சேற்றுழவுக்குப் போடும் இரும்புச் சில்லோடு தார் வீதியில் இறங்கவே கூடாது. வீதி கிழிவதோடு, தாரில் அந்தச் சில்லுக்குப் பிடியும் இல்லை, பிறேக்கும் நிற்காது.

அக்கரைப்பற்றிலிருந்து வாகரைக்கு, அம்பாறையிலிருந்து மகாஓயாவுக்கு என்று தூரம் கூடும்போது லொறிதான் நல்லது. ரயர் தேய்மானத்தையும் டீசலையும் கணக்குப் பார்த்தால் ஓட்டிப் போவதில் மிச்சமில்லை. இரவில் பின்விளக்கில்லாத மெசினுக்குப் பின்னால் பஸ் மோதிய விபத்துகள் இந்தக் கரையோர வீதியில் நடந்திருக்கின்றன. என் பார்வையில் லொறிக் கூலியை உயிருக்கான செலவாகத்தான் எடுக்க வேண்டும்.

லொறிக்கு எல்லாம் சரி. மேலே நிக்கிற மெசினுக்கு வரி லைசன் முடிஞ்சிட்டு. பிடிப்பாங்களா?

முதல் பதிலில் சொன்னதுதான். தட்டில் நிற்கும்போது அது சுமை. ஓடாத வாகனத்தை ஓட்டியதாக யாரும் வழக்குப் போட முடியாது. பிரச்சினை இறக்கிய பிறகு தொடங்குகிறது. பிரதான வீதியில் இறக்கி, வயலுக்கு அரைக் கிலோமீற்றர் ஓட்டினாலும் அது வீதியில் ஓடும் வாகனம். இடையில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவந்து ஏதும் நடந்தால், காப்புறுதி இல்லாத மெசினின் சொந்தக்காரர் காணி விற்றும் கட்டி முடிக்க மாட்டார். தண்டப் பணத்தைவிட அதுதான் பயப்பட வேண்டிய விடயம்.

லொறிக்கு என்னென்ன இருக்க வேணும்?

வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி. அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் புதுப்பிக்கப் போகும்போது பிட்னஸ் சான்றிதழும் புகைச் சான்றிதழும் கேட்பார்கள். பிட்னஸ் எடுக்கும் நாளுக்கு மட்டும் நல்ல ரயர் மாட்டிவிட்டுப் பிறகு பழையதை மாட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு தொன் இரும்பு ஏறுவது அந்தப் பழைய ரயரில்தான்.

எங்கட லொறி ஓட்டுற தம்பிக்கு ‘சி1’ இரிக்கு, ‘ஜி’ இல்ல. அவர் மெசினை ஏத்தி இறக்கலாமா?

உங்கள் வளவுக்குள், வயலுக்குள் ஏற்றி இறக்கினால் அது வீதியல்ல. வீதியோரத்தில் இறக்கினால் வாகனம் ஓட்டியதாகிவிடும். ஆகவே ‘ஜி’ உள்ள ஒருவர் கூடப் போவது நல்லது. லைசன் இல்லாதவரை ஓட்ட வைத்த சொந்தக்காரருக்கும் வழக்கு உண்டு, சாரதிக்கு மட்டுமல்ல. இப்போது இந்தத் தண்டம் பத்தாயிரக்கணக்கில் போகிறது.

ஏற்றுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாய்க்கால் மேட்டோடு லொறியின் பின்பக்கத்தை ஒட்டிவிட்டு ஏற்றுவது நம்மிடம் வழக்கம். மேடு இறுகிய மண்ணாக இருந்தால் பலகையில் ஏற்றுவதைவிட அது பாதுகாப்பானது. மழை பெய்து ஊறிய மேட்டில் செய்யாதீர்கள். பின்னால் ரொட்டவேட்டரைத் தூக்கிப் பிடித்தபடி முன்பக்கமாகச் சரிவில் ஏற்றினால் முன்சில்லு மேலே எழும்பும், மெசின் ஓட்டுபவர் மேலேயே புரளும். ரொட்டவேட்டரைக் கழற்றித் தனியாக ஏற்றுங்கள், அல்லது பின்பக்கமாக ஏற்றுங்கள். ஏற்றும்போது பின்னாலும் பக்கத்திலும் ஒருவரும் நிற்கக் கூடாது. உதவி செய்ய ஓடி வரும் பொடியன்களை முதலில் தூர அனுப்புங்கள்.

பெட்டியை லொறிக்குப் பின்னால கொளுவிக்கொண்டு போகலாமா? மெசின் மேலே, பெட்டி பின்னால.

கூடாது. ‘சி1’ஓடும் ‘சி’யோடும் இழுக்கக்கூடிய இணைப்பு வண்டியின் வெற்று எடை 750 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நாலுசில்லு மெசின் பெட்டி அதைத் தாண்டும். மேலும் அந்தப் பெட்டி மெசினின் வேகத்துக்குச் செய்தது. லொறி வேகத்தில் அதற்குப் பிறேக்கும் கிடையாது, ஆட்டத்தைத் தாங்கும் அச்சும் கிடையாது. இரண்டு நடை போங்கள், அல்லது போகும் ஊரில் பெட்டி ஒன்றைக் குத்தகைக்கு எடுங்கள்.

திரும்பி வரக்குள்ள சும்மா வாற லொறிதானே, கொஞ்சம் மணலோ மரமோ போட்டா?

அப்போதுதான் பெர்மிட் விடயம் வருகிறது. மணல், கிறவல் ஏற்றப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் கொண்டுசெல்லும் அனுமதி வேண்டும். மரத்துக்கு வன பரிபாலனத் திணைக்களத்தின் அனுமதி, மாட்டுக்கு வேறு அனுமதி. வீடு கட்டும் உறவினருக்கு அரை லோட் மணல் என்றாலும் சட்டம் ஒன்றுதான். அனுமதியில்லாமல் பிடிபட்டால் லொறியும் அதில் நிற்கும் மெசினும் பொலிஸ் நிலைய வளவில் நிற்கும், வழக்கு முடியும் வரை. விதைப்புக் காலத்தில் ஒரு மெசின் மூன்று கிழமை நின்றால் அந்தப் போகமே போய்விடும்.

லீசிங் மெசின். புக் கம்பனியில இரிக்கு. வழியில கேட்டா என்ன காட்டுற?

பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் லீசிங் ஒப்பந்தத்தின் பிரதியையும் வைத்திருங்கள். புத்தகத்தில் கம்பனி முழு உரிமையாளர், நீங்கள் பதிவு பெற்ற உரிமையாளர். மெசின் திருட்டுகள் நடப்பதால் லொறியில் மெசின் கண்டால் யாருடையது என்று கேட்பது பொலிஸின் வேலை. இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பிரதியோடு ஒத்துப்போனால் பேச்சு முடிந்தது. தவணை நிலுவை இருந்தால் மாவட்டம் தாண்டிக் கொண்டு போகும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசியுங்கள்.

ஓப்பன் பேப்பரில் வாங்கிய மெசின் வேறு கதை. பெயர் மாற்றத்தை 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று கை மாறிய மெசினைப் பழைய சொந்தக்காரரின் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு கொண்டு போனால், அது உங்களுடையது என்று நிரூபிக்க உங்களிடம் எதுவுமில்லை. முதலில் பெயரை மாற்றுங்கள்.

பக்கத்து வயல் காக்காட மெசினையும் சேர்த்து ஏத்திக்கொண்டு போறன், டீசல் காசு மட்டும் தாறார். அது ஹயரா?

உங்களுக்கு அது உதவி. காப்புறுதிக் கம்பனிக்கு அது வேறாகத் தெரியலாம். லொறிக் காப்புறுதி எடுக்கும்போது சொந்தப் பொருள் ஏற்றவா, கூலிக்கு ஏற்றவா என்று கேட்டு அதற்கேற்பத்தான் கட்டணம் போடுகிறார்கள். சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டுக் காசு வாங்கிப் பிறர் பொருள் ஏற்றியது விபத்துக்குப் பிறகு தெரியவந்தால், இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை அயலவருக்கு உதவுவதை யாரும் தடுக்கவில்லை, அது நம் ஊர் வழக்கம். போகம் தோறும் நாலு பேருடைய மெசினை ஏற்றுகிறீர்கள் என்றால் கூலிப் பாவனைக்கு மாற்றி எழுதுங்கள். இரண்டு மெசின் ஏறினால் எடைக் கணக்கும் இரட்டிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வழியில மெசின் சரிஞ்சு விழுந்தா இன்சூரன்ஸ் தருமா?

மூன்றாந்தரப்புக் காப்புறுதி உங்கள் மெசினுக்கு ஒரு சதமும் தராது. அது மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. முழுக்காப்புறுதி உள்ள மெசினென்றாலும் ‘வேறு வாகனத்தில் ஏற்றிச் செல்லும்போது’ அது பொருந்துமா என்பதைக் கம்பனியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முகவர் வாயால் சொன்னது காணாது.

விழாமல் கட்டுவது இன்னும் மலிவு. நான்கு மூலையிலும் சங்கிலி, அதை இறுக்கும் கருவி, கைப்பிறேக், கியரில் போட்ட இஞ்சின், சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. கலப்பையைத் தட்டில் இறக்கி வையுங்கள், தூக்கியபடி விடாதீர்கள். நைலோன் கயிறு மெசினுக்குக் கட்டும் கயிறல்ல, வைக்கோலுக்குக் கட்டுவது. பத்துக் கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். கட்டு தளர்வது அந்த முதல் பத்துக் கிலோமீற்றரில்தான்.

மெசின் சீட்டில ஒரு ஆள் இருந்து பிடிச்சுக்கொண்டு வரலாமா?

ஒருபோதும் வேண்டாம். இரண்டு தொன் சரியும்போது ஒரு மனிதனால் எதையும் பிடிக்க முடியாது. தலைக்கு மேல் மின்கம்பியும் மரக்கிளையும் இருக்கின்றன. ஆட்கள் முன்னிருக்கையில் மட்டும்.

வெட்டு மெசினுக்கும் இதே சட்டம்தானா?

அடிப்படை ஒன்று, அளவுதான் வேறு. வெட்டு மெசின்கள் சாதாரணமாக 3,000 கிலோவைத் தாண்டும், ஆகவே மேலே எடுத்துக்காட்டிய லொறி காணாது. அகலமும் பெரும்பாலும் தட்டைவிட்டு வெளியே நீட்டும். தட்டுக்குள் அடங்காத சுமை என்றால் முதல் பதில் மாறிவிடும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதியை எழுத்தில் பெறுங்கள். வெட்டும் பகுதியைக் கழற்றித் தனியாக ஏற்ற முடியுமென்றால் கழற்றுங்கள். அரை நாள் வேலைதான், ஆனால் வழி முழுக்க நிம்மதி. நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துக்குப் பகலில் சிவப்புத் துணி, இரவில் விளக்கு. முடிந்தவரை இரவில் போகாதீர்கள். அம்பாறை, மகாஓயா, சியம்பலாண்டுவப் பக்கம் யானை வீதிக்கு வரும், சுமையோடு உள்ள லொறியைச் சட்டென்று நிறுத்த முடியாது.

பாலம், பாதை எல்லாம் தாங்குமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போக 2014இல் திறந்த மண்முனைப் பாலம் பெரிய உதவி. தெற்கே பட்டிருப்புப் பாலம் இருக்கிறது. குருமண்வெளியில் பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவைப் படகில்) மண்டூருக்குக் கடக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. சுமையோடு உள்ள லொறிக்கு அந்த எண்ணம் வேண்டாம், பட்டிருப்பால் சுற்றிப் போங்கள். உள்ளூர்ச் சிறு பாலங்களிலும் மதகுகளிலும் எடை எழுதிய பலகை இருந்தால் அது லொறியும் சுமையும் சேர்ந்த எடை. குளக்கட்டில் பாரவாகனம் தடை என்று பலகை இருந்தால் வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் வேறு வழி கேளுங்கள். மாரியில் ஊறிய கட்டு உடைந்தால் பாதிக்கப்படுவது அந்த வட்டை முழுவதும்.

பொலிஸ் மறிச்சு சிட்டை எழுதினா, அதுவும் சிங்களத்தில, என்ன செய்யுற?

லைசன், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றையும் அமைதியாகக் காட்டுங்கள். தண்டச் சிட்டை என்றால் லைசனை வாங்கிக்கொண்டு சிட்டையைத் தருவார்கள், அதுவே தற்காலிக அனுமதி. 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசனைத் திரும்ப எடுங்கள். பிந்தினால் தொகை இரட்டிக்கும். லைசன் இல்லாதது, காப்புறுதி இல்லாதது போன்றவை சிட்டையோடு முடியாது, நீதிமன்றம் போக வேண்டும். உகன, மகாஓயாப் பக்கம் சிட்டை சிங்களத்தில் வரும். எந்தக் குற்றம் எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மெசின் மௌத்தான வாப்பாட பேர்ல இரிக்கு. நான் மூத்த மகன். கொண்டு போகலாமா?

கொண்டு போவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அது உங்கள் பெயரில் வரும் வரை, ஏதும் நடந்தால் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி எல்லா இடத்திலும் எழும், காப்புறுதியில் முக்கியமாக. மரணச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், பதிவுப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பெயர் மாற்றத்தைத் தொடங்குங்கள். சகோதரங்கள் வெளிநாட்டில் இருந்தால் அவர்களின் சம்மதத்தை எழுத்தில் எடுக்கக் காலம் பிடிக்கும். சிறுபோகம் முடிந்த கையோடு தொடங்கினால் பெரும்போகத்துக்கு முன் முடிக்கலாம். அதுவரை மெசினை ஏற்றும்போது மரணச் சான்றிதழின் பிரதியையும் உங்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் புத்தகப் பிரதியோடு சேர்த்து லொறியில் வையுங்கள்.